பென்சிலில் எழும்பிய எண்

அழைப்பு மணியை அழுத்துவதற்கு முன்னால் அவர் எங்கள் வீட்டுப் பெயர்ப்பலகையைத் தொட்டுப் பார்ப்பார். என் கணவரின் பெயர் வெட்டிய சின்னப் பித்தளைத் தகடு அது. ஒவ்வொரு எழுத்தையும் விரல் நுனியால் தடவி முடித்த பிறகுதான் மணி அடிக்கும். முதல் தடவை ஜன்னல் வழியாக இதைப் பார்த்தபோது, தகட்டைக் கழற்றிக்கொண்டு போக வந்த ஆள் என்று நினைத்துவிட்டேன். துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தேன்.

"ஃபைனான்ஸ் கம்பெனிலேருந்து வர்றேன் மா" என்றார் அவர், துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டே. "எம்ப்ராய்டரி மிஷினுக்கு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?"

ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் இரண்டு தடித்த பென்சில்கள், நாலாக மடித்த மெல்லிய தாள்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் மண்ணெண்ணெய் நனைத்த துணி. அந்த வாசனை அவர் கிளம்பிப் போன பிறகும் கால் மணி நேரம் வீட்டில் இருக்கும். உட்காரச் சொன்னேன். நாற்காலியின் முதுகைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். காப்பி கொண்டுவரட்டுமா என்று கேட்டேன்.

"நக்கோ மா. பேப்பர் முடியட்டும்."

கடனெல்லாம் அடைந்து பத்திரம் தீரும்வரை வாடிக்கையாளர் வீட்டில் பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் குடிக்கமாட்டாராம். மூன்று வருஷத் தவணை. மூன்று வருஷத்துக்கு ஒரு மனுஷன் காப்பியைத் தள்ளிப்போடுவாரா என்று நானும் என் கணவரும் அன்றைக்குச் சிரித்தோம்.

நான் பிறந்தது திருச்சி பொன்மலை ரயில்வே காலனி. வாழ்க்கைப்பட்டது மல்காஜ்கிரி ரயில்வே குடும்பத்தில். ஃபைனான்ஸ் கம்பெனிக்காரர் வீட்டாரோ நாலு தலைமுறையாக செகந்தராபாத்தில் இருப்பவர்கள். வேலூர்ப் பக்கத்துத் தமிழில் ஹைதராபாத் உருதுவின் ஹவ்வும் நக்கோவும் கைக்குவும் கலந்து பேசுவார். ஆமாம், வேண்டாம், எதற்கு என்ற மூன்று சொற்களும் தமிழில் இருக்கின்றன என்பதே அவருக்கு மறந்துபோயிருக்கும் என்று நினைக்கிறேன்.

அவருடைய கம்பெனி செகந்தராபாத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. ஆட்டோ, லேத், ஜெராக்ஸ் மிஷின், தையல் மிஷின் எல்லாம் தவணையில் வாங்கிக் கொடுக்கும் சின்னக் கம்பெனி. கடன் கொடுத்த பொருளை நேரில் போய்ப் பார்த்து, அதன் எண்ணைப் பத்திரத்தில் ஏற்றுவது அவர் வேலை. எண்ணைப் பார்த்து எழுதினால் போதாதோ? போதாது. இரும்பில் குத்தியிருக்கும் எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்ப்பார். கறுப்புக்கு நடுவே எண் வெள்ளையாக எழும்பி வரும். அந்தத் துண்டைப் பத்திரத்தில் ஒட்டி, பக்கத்தில் 'வீட்டில் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஆட்டோவுக்கும் லாரிக்கும் இப்படிச் செய்வது எல்லா ஊரிலும் உண்டு. இவர் மாவரைக்கும் கிரைண்டரைக்கூட விடமாட்டார்.

சனத்நகரில் ஒரு லேத் பட்டறைக்காரர் இவரிடம் மாட்டிக்கொண்ட கதையை அவரே சொல்லியிருக்கிறார். எண் பெயிண்டுக்கு அடியில் இருக்கிறது, பில்லைப் பார்த்து எழுதிக்கொண்டு போ என்றாராம் பட்டறைக்காரர். இவர் தரையில் உட்கார்ந்து மண்ணெண்ணெய்த் துணியால் ஒரு மணி நேரம் துடைத்திருக்கிறார். பட்டறையே வேலையை நிறுத்திவிட்டு இவரைத் திட்டியிருக்கிறது. கடைசியில் எழும்பி வந்த எண் பில்லில் இருந்த எண் இல்லை. பழைய லேத்துக்குப் புதுப் பெயிண்ட் அடித்துப் புதுசு என்று விற்றிருக்கிறான் கடைக்காரன். அதுவரை திட்டிய பட்டறைக்காரர் இவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம்.

"கிரீஸ் கை மா" என்றார் என்னிடம். "அந்தச் சட்டை போச்சு."

பத்திரத்தில் கையெழுத்து வாங்க வந்த அன்றைக்கு நான் சும்மா இருக்கவில்லை. அசலை என்னிடம் கொடுங்கள், நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கையெழுத்துப் போட்டவள் நான், கடனைக் கட்டப்போகிறவளும் நான், எனக்கு மட்டும் நகலா?

"நக்கோ மா. அசல் ஒண்ணே ஒண்ணுதான். அது எங்ககிட்டயும் தங்காது."

"பின்னே?"

"இந்தத் தாள்ல ரெண்டு விஷயம் இருக்கு. மாசாமாசம் கட்டறேன்னு நீங்க கொடுத்த சொல்லு ஒண்ணு. கட்டலைன்னா இந்த நம்பர் மிஷினை நாங்க எடுத்துக்கலாங்கற உரிமை இன்னொண்ணு. ரெண்டும் ஒரே தாள்ல இருக்கறதாலதான் இதுக்கு மதிப்பு. எங்க முதலாளிகிட்ட அவ்ளோ பணம் ஏது? இந்த மாதிரி தாளுங்களைக் கட்டா கட்டி, பெரிய கம்பெனிங்ககிட்ட கொடுத்துப் பணம் வாங்குவார். அந்தப் பணத்துலதான் அடுத்த ஆளுக்கு மிஷின்."

"என் கடனைக் கொண்டுபோய் நீங்க அடகு வைப்பீங்களா?"

"ஹவ். உங்களுக்கு அது கடன். எங்களுக்கு அது சொத்து."

எனக்கு மூக்குத்தியை வைத்துப் பணம் வாங்கத் தெரியும். என் கடனையே ஒருவர் வைத்துப் பணம் வாங்கலாம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அமெரிக்காவில் இந்த மாதிரித் தாளுக்கு 'சாட்டல் பேப்பர்' என்று தனிப் பெயரே இருக்கிறது, ஏதோ பயிற்சி வகுப்பில் சொன்னார்கள் என்றார். நம் ஊரில் பெயர்தான் இல்லை, தாள் அதேதான் என்றார்.

"சொல்லு மட்டும் இருந்தா வெறும் கைமாத்து. மிஷின் மட்டும் இருந்தா வெறும் இரும்பு. ரெண்டையும் கட்டற முடிச்சு இந்த நம்பர்தான் மா. நம்பர் தப்பாப் போச்சுன்னா, தாள் ஒரு பக்கம் பேசும், மிஷின் ஒரு பக்கம் பேசும்."

அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே சாட்டல் பேப்பர்தான். "உன் சாட்டல் பேப்பர் வந்திருக்கார், கதவைத் திற" என்பார் என் கணவர். அவருடைய சொந்தப் பெயரை நான் பத்திரத்துக் கையெழுத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு கோடும் இரண்டு சுழியும். படிக்க முடியாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மிஷினைப் பார்க்க வருவார். என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. அவர் வந்தால் அஞ்சு ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொண்டு ஓடி வருவாள். அவர் அதைத் தாளுக்கு அடியில் வைத்துத் தேய்த்துக் கொடுப்பார். தமிழில் கேட்கும் எதற்கும் அவள் தெலுங்கில்தான் பதில் சொல்வாள். "இங்கொகட்டி அங்கிள்" என்று அடுத்த நாணயத்தை நீட்டுவாள். இன்னொன்று, இன்னொன்று என்று வீட்டிலுள்ள சில்லறையெல்லாம் தாளில் ஏறிவிடும். கேஸ் சிலிண்டரையும் கரண்ட் மீட்டரையும்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

ஆனால் மிஷினிடம் வரும்போது மட்டும் அவர் முகம் மாறும். அதன் தலையில் உள்ளங்கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நிற்பார். எண் குத்திய தகடு மிஷினின் பின்பக்கம். இடம் போதாமல் நான் அதைச் சுவரோடு ஒட்டி நிறுத்தியிருந்தேன். நகர்த்த நாலு ஆள் வேண்டும்.

"சுவத்தோட ஒட்டி வெச்சிட்டீங்களே மா" என்பார்.

"காத்து வரலைன்னு அது கம்ப்ளெயின்ட் பண்ணுதா சார்?"

சிரிக்கமாட்டார். ஒவ்வொரு தடவையும் இதையே சொல்வார். ஒவ்வொரு தடவையும் நானும் எதையாவது சொல்லிக் கிண்டல் செய்வேன். சுத்தக்கார மனுஷன், சுவரில் எண்ணெய்க் கறை படும் என்று வருத்தப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் எதற்கு வருத்தப்பட்டார் என்பது மே மாதம் தெரிந்தது.

அந்த மே மாதம் என் கையில் ஒரு பள்ளிக்கூட ஆர்டர் இருந்தது. சீருடைச் சட்டைப் பைகள் அறுநூறு. ஒவ்வொரு பையிலும் பள்ளியின் சின்னம். ஜூன் திறப்புக்கு முன்னால் கொடுக்க வேண்டும். அதற்கு முன்பு ரவிக்கை, தாவணி என்று சில்லறை வேலைதான் செய்துகொண்டிருந்தேன். இந்த ஆர்டரை ஒழுங்காக முடித்தால் வருஷா வருஷம் எனக்கே தருவதாகப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். இருநூறு பைகள் முடிந்திருந்தன. காலை பத்து மணிக்கு வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. நாலு பேர் இறங்கினார்கள். பெயர்ப்பலகையை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

அவர்கள் வேறொரு பெரிய கம்பெனியின் வசூல் ஆட்கள். முன்னால் நின்றவன் ஒரு தாளை நீட்டி, "மிஷின் ஹமாரா ஹை மேடம்" என்றான். எங்களுடையது என்கிறான்! நான் ஒரு தவணைகூட தள்ளிக் கட்டியதில்லை. ரசீதுகளைக் கொண்டுவந்து மேசையில் போட்டேன். அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலு பேரும் சேர்ந்து மிஷினைச் சுவரிலிருந்து நகர்த்தினார்கள். பின்பக்கத் தகட்டில் இருந்த எண்ணும் அவன் கையிலிருந்த தாளில் இருந்த எண்ணும் ஒன்று. என்னிடம் இருந்த நகலை எடுத்துப் பார்த்தேன். அதில் கடைசி இரண்டு இலக்கம் வேறு.

விஷயம் இதுதான். செகந்தராபாத்தை அடுத்த அல்வாலில் ஒருவன் நான் வாங்கிய அதே நாளில், அதே கடையில், அதே ரக மிஷினை, அதே சின்னக் கம்பெனியின் தவணையில் வாங்கியிருக்கிறான். என் பத்திரத்தை அந்தச் சின்னக் கம்பெனி ஒரு பெரிய கம்பெனியிடம் கொடுத்துப் பணம் வாங்கியது. அவன் பத்திரத்தை இவர்களிடம் கொடுத்து வாங்கியது. அவன் நாலு தவணை கட்டிவிட்டு, மிஷினோடு ஊரைவிட்டே போய்விட்டான். இவர்கள் அந்த எண்ணைத் தேடிக் கடைக்குப் போயிருக்கிறார்கள். கடையின் சர்வீஸ் நோட்டில், மிஷினை மாட்டிக் கொடுத்த மெக்கானிக் குறித்துவைத்தபடி, அந்த எண்ணுக்கு நேரே என் விலாசம்.

"அவன்கிட்டேருந்து கம்மி விலைக்கு வாங்கிட்டீங்க. உங்க மிஷினை எங்கே வித்தீங்க?" என்று கேட்டான் வசூல்காரன்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தத் துடைப்பம் மட்டும் அன்றைக்குக் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்திருந்தால் நான் இன்றைக்கு வேறு கதை சொல்லிக்கொண்டிருப்பேன். சாட்டல் பேப்பரைப் போனில் கூப்பிட்டேன். அரை மணியில் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். பெயர்ப்பலகையைத் தொடாமல் உள்ளே வந்தார். ஏதோ தப்பு என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

மிஷினுக்குப் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். தாளை வைத்துத் தேய்த்தார். எழும்பி வந்த எண்ணை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வசூல்காரனிடம், "நாளைக்கு உங்க மேனேஜரை எங்க ஆபீசுக்கு வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் மிஷின் இங்கேயே இருக்கட்டும். நான் எழுதிக் கொடுக்கறேன்" என்று தெலுங்கில் சொன்னார். எழுதியும் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார்.

மறுநாள் நானும் என் கணவரும் அந்த மாடி ஆபீசுக்குப் போனோம். முதலாளி, பெரிய கம்பெனியின் மேனேஜர், நாங்கள் இருவர், சுவரோரமாக அவர். எல்லோரும் தெலுங்கில்தான் பேசினார்கள். நான் தமிழில் சொல்கிறேன்.

மேனேஜர் அல்வால்காரனின் பத்திரத்தை மேசையில் விரித்தார். "இந்த நம்பர் மிஷினை அல்வால் வீட்டில் பார்த்தேன்னு உங்க ஆளே கையெழுத்துப் போட்டிருக்கார். அல்வாலுக்குப் போன மிஷின் மல்காஜ்கிரிக்கு நடந்தா வந்தது? இந்தம்மா அவன்கிட்ட வாங்கியிருக்காங்க. மிஷின் எங்களுக்கு வேணும்."

முதலாளிக்கு அது சௌகரியமாக இருந்தது. பத்திரத்தில் அவர் பக்கம் எல்லாம் சரி. நஷ்டமெல்லாம் எனக்கு. "நீங்க போலீஸ்ல ஒரு புகார் கொடுங்கம்மா. விசாரிச்சு என்னன்னு பார்க்கட்டும்" என்றார் என்னிடம், ரொம்பவும் பரிவாக. விசாரித்து முடிப்பதற்குள் என் மகள் கல்லூரிக்குப் போய்விடுவாள். நானூறு பைகள் பாக்கி.

"நான் பார்க்கல சார்" என்றார் அவர், சுவரோரத்திலிருந்து.

எல்லோரும் திரும்பினோம்.

"ரெண்டு மிஷினையும் கடையோட கோடவுன்லயே தேய்ச்சிட்டேன். ஒரே டெம்போல ரெண்டும் ஏறிச்சு. இறக்கறப்ப மாத்தி இறக்கிட்டாங்க. அதுக்கப்புறம் ரெண்டு தாள்லயும் வீட்டில் பார்த்தேன்னு எழுதினது நான்தான். பார்க்காம எழுதினேன்."

"யோசிச்சுப் பேசுங்க" என்றார் முதலாளி. குரலில் பரிவு போய்விட்டிருந்தது.

"யோசிச்சு யோசிச்சே பத்து மாசம் ஆச்சு சார்."

"ஏன் வீட்டுக்குப் போகலை?" என்று கேட்டார் மேனேஜர்.

"மழை."

அவ்வளவுதான் சொன்னார். உடம்பு சரியில்லை, வீட்டில் யாருக்கோ ஆஸ்பத்திரி என்று எதையாவது சொல்லியிருக்கலாம். யாரும் போய்த் தொட்டுப் பார்த்திருக்கப் போவதில்லை. மழை பெய்தது, ஸ்கூட்டரை எடுக்கச் சோம்பலாக இருந்தது, அதுதான் காரணம் என்று தலையைக் குனிந்துகொண்டார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்:

"மழை விட்டதும் வந்தேன் மா. அதுக்குள்ள சுவத்தோட ஒட்டி வெச்சிட்டீங்க. நகர்த்தச் சொன்னா கைக்குன்னு கேப்பீங்க. கேட்டா நான் சொல்லணும்."

அந்த நிமிஷம் எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை. கேஸ் சிலிண்டரைத் தேய்த்த மனுஷன்! அஞ்சு ரூபாய் நாணயத்தைத் தேய்த்த மனுஷன்! என் மிஷினை மட்டுமா விட வேண்டும்? ஆனால் அதே நிமிஷம், வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவருக்கு ஒரு கஷ்டமும் வந்திருக்காது என்பதும் எனக்கு உறைத்தது. கோபமும் பாவமுமாக ஒரே நேரத்தில் வந்து, நான் அழுதுவிட்டேன்.

அவர் மேசையருகே வந்து, இரண்டு கம்பெனிகளுக்கும் இடையிலான ஒப்பந்தத்தைப் பிரித்து ஒரு பக்கத்தைக் காட்டினார். கொடுத்த பத்திரத்தில் பொருளைப் பற்றி எழுதியது பொய் என்று தெரிந்தால், சின்னக் கம்பெனி அந்தப் பத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அதற்குப் பதில் நல்ல பத்திரம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். அப்படி ஒரு ஷரத்து இருந்தது. முதலாளிக்கும் அது தெரியும். பொய் என்று யாராவது சொன்னால்தானே அது வேலை செய்யும்?

மேனேஜர் அதைப் படித்தார். பிறகு அவரை மேலும் கீழுமாகப் பார்த்தார். "இந்த மாதிரி பார்க்காம எழுதின தாள் இன்னும் எத்தனை இருக்கு?"

"இந்த ரெண்டுதான்."

"எப்படி நம்பறது?"

"நம்பாதீங்க" என்றார் அவர். "உங்ககிட்ட இருக்கற அத்தனை தாளையும் எடுத்துக்கிட்டு நான் மறுபடி வீடு வீடாப் போய்த் தேய்ச்சுக் கொண்டு வர்றேன். ஞாயித்துக்கிழமை போறேன். சம்பளம் நக்கோ. கூட உங்க ஆள் ஒருத்தர் வரட்டும்."

அல்வால்காரனின் பத்திரத்தைச் சின்னக் கம்பெனி திரும்ப வாங்கிக்கொண்டது. ஓடிப்போனவனைத் தேடுவது முதலாளியின் தலைவலி ஆயிற்று. பதிலுக்கு ஒரு நல்ல பத்திரம் போயிற்று. அது சனத்நகர் லேத்துப் பத்திரம் என்று பிறகு சொன்னார். அந்த வருஷம் அவருக்குத் தீபாவளி போனஸ் கிடையாது. வேலையைவிட்டே அனுப்பத்தான் முதலாளி நினைத்திருந்தாராம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு மாதம் அலைந்து எல்லாத் தாளையும் தேய்த்துக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகு, எல்லா எண்ணும் சரியாக இருந்த பிறகு, அந்த மேனேஜர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். இனிமேல் இந்தக் கம்பெனியிலிருந்து வரும் தாளில் இந்த ஆளின் பென்சில் இருந்தால்தான் வாங்குவோம் என்று. முதலாளி என்ன செய்வார்? மேசையையும் மின்விசிறியையும் கொடுத்து உட்காரவைத்தார்.

என் பத்திரத்தைத் திருத்த அவர் வந்தது அந்த மாடி ஆபீஸ் கூட்டத்துக்கு மூன்றாம் நாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சுவரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளித்தான் நின்றது. இன்றைக்கும் அப்படித்தான் நிற்கிறது. அவர் வந்து பென்சிலையும் தாளையும் என்னிடம் நீட்டினார்.

"நீங்க தேய்ங்க மா."

"நானா? எனக்கென்ன தெரியும்?"

"உங்க மிஷின், உங்க சொல்லு. நான் பார்த்தேன்னு எழுதறேன்."

மிஷினை நிறுத்திவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தேன். பென்சிலைப் படுக்கவைக்கத் தெரியாமல் முதல் தாளைக் கிழித்துவிட்டேன். இரண்டாவதில் மெல்ல மெல்ல எண் எழும்பி வந்தது. ஒவ்வொரு இலக்கமாக வெள்ளையாக வெளியே வரும்போது எனக்கு ஏனோ மகள் பிறந்த அன்றைக்கு இருந்தது போல் இருந்தது. அவர் அதை ஒட்டி, பக்கத்தில் நிதானமாக எழுதினார்: 'வீட்டில் பார்த்தேன். தேய்த்தவர் இந்த வீட்டு அம்மா.' கையெழுத்து மட்டும் வழக்கம்போல ஒரு கோடும் இரண்டு சுழியும்.

அறுநூறு பைகளும் பள்ளி திறப்பதற்கு நாலு நாள் முன்னால் போய்ச் சேர்ந்தன. அந்தப் பள்ளி இன்றைக்கும் எனக்குத்தான் தருகிறது. இப்போது என்னிடம் மூன்று மிஷின்கள். மூன்றாவதற்குக் கடன் வாங்கியபோது யாரும் வீட்டுக்கு வரவில்லை. தகட்டைப் போட்டோ எடுத்துப் போனில் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். அனுப்பிவிட்டு, என் திருப்திக்கு ஒரு தாளிலும் தேய்த்து வைத்துக்கொண்டேன். அவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, மகனோடு விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டதாகக் கேள்வி. கடற்கரையில் நிறுத்தியிருக்கும் படகுகளை எல்லாம் தேய்த்துக்கொண்டிருப்பார்.

கடைசித் தவணை கட்டி முடித்த வாரம் அவர் வந்ததைச் சொல்லாமல் விடக்கூடாது. பெயர்ப்பலகையைத் தடவி, மணி அடித்து, நாற்காலியை ஆட்டிப் பார்த்து உட்கார்ந்தார். பையிலிருந்து என் பத்திரத்தின் அசலை எடுத்துக் கொடுத்தார். குறுக்கே 'தீர்ந்தது' என்று முத்திரை. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அது என் கைக்கு வந்தது. காப்பி வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. நேராக அடுக்களைக்குப் போய் டிகாக்ஷனை ஊற்றினேன். இந்த முறை அவர் நக்கோ சொல்லவில்லை.

பொன்மலையிலிருந்து சீராக வந்த எவர்சில்வர் டம்ளரில் கொண்டுபோய் வைத்தேன். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக என் பெயர் வெட்டியிருக்கும். என் அப்பா கடையில் நின்று வெட்டி வாங்கியது. அவர் ஆற்றாமல் மெதுவாகக் குடித்தார். குடித்து முடித்துக் காலி டம்ளரைத் திருப்பினார். பெயரின் மேல் விரல் நுனியை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டே போனார். கடைசி எழுத்தில் விரல் நின்றது. மிஷின் இருந்த அறையை ஒரு தடவை பார்த்தார். டம்ளரை என்னிடம் நீட்டினார்.

"ஹவ் மா" என்றார். "உங்களுதுதான்."